புல்கூரையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி

வடதிசை:
நார்வே, குட்பிரான்ட்ஸ்டாலன் பள்ளத்தாக்கு. பழைய மரக் களஞ்சியம் ஒன்றின் தென்சரிவில் பாதியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இங்கே புல்கூரை என்றால் காய்ந்த புல் வேய்ந்தது அல்ல, மண்ணோடு உயிருள்ள புல் வளரும் கூரை. வேரும் மண்ணுமாக வெட்டிய புல்பாளம் ஒரு குவியல், உதிர்ந்த மண் ஒரு குவியல். மண்ணைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அவ்வளவு ஈரம். அதற்கு அடியில் செம்பழுப்பாக, எண்ணெய் தடவிய தோல் மாதிரி பிர்ச் மரப்பட்டை, அடுக்கடுக்காக. மேலடுக்கைத் தூக்கியதும் அடுத்த அடுக்கின் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்குக் கீழே பலகை வெயிலில் காய்ந்த மாதிரி இருந்தது.

புல்கூரை என்கிற பேரே ஆளைத் திசைதிருப்புகிறது. மழையைத் தடுப்பது புல் அல்ல, அந்தப் பட்டை. அங்கே அதை 'நேவர்' என்பார்கள். காஷ்மீரில் ஏடாக எழுதப் பயன்பட்ட பூர்ஜபத்திரமும் இதே பேரினத்து மரத்தின் பட்டைதான். அதில் இருக்கும் பெத்துலின், சுபெரின் என்னும் இரண்டு பொருள்களும் தண்ணீரையும் பூஞ்சையையும் அண்டவிடாது. கோடைத் தொடக்கத்தில் மரத்தில் சாறு ஏறும்போதுதான் பட்டை இலகுவாகக் கழன்று வரும். வெளிப்பட்டையை மட்டும் உரித்து உள்பட்டையைக் காயப்படுத்தாமல் விட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும். உரித்த பட்டை சுருளாமல் இருக்க அடுக்கிக் கல்லேற்றி வைப்பார்கள்.

கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணத்திலிருந்து முகடு நோக்கி, கீழ்வரிசையை மேல்வரிசை மூடும்படி பரப்ப வேண்டும். பட்டையில் ஆணி அடிப்பதில்லை, அடித்த இடமெல்லாம் ஒழுகும். பிறகு பட்டை பறக்காமல், சுருளாமல் இருப்பது எதனால்? அதற்காகத்தான் புல். அது ஒரு பாரம்.

முகட்டுத்தச்சன்:
வடதிசை சொன்னது சரி. ஆனால் பட்டை நன்றாக இருந்தும் கூரை போன கதை ஒன்று இருக்கிறது. நார்வேயில் வோஸ் பக்கம் ஒரு கோடைக்குடில். சரிவு முழுக்க உறுதி, முகடு உறுதி. இறவாணத்தில் மட்டும் பலகை நுனிகள் கைவைத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தன.

காரணம் 'தோர்வ்ஹால்'. புல்பாளம் வழுக்கி விழாமல் இறவாண ஓரத்தில் நீளவாக்கில் கிடக்கும் மரக்கட்டை அது. வளைந்த கொக்கிகள் அதைப் பிடித்திருக்கும். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே தண்ணீர் போக இடைவெளி வேண்டும். அந்தக் குடிலில் கட்டை நேராகப் பட்டை மேலேயே உட்கார்ந்திருந்தது. மேலிருந்து வடியும் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வந்து அங்கே அணை கட்டிவிட்டது. மழை நின்று ரொம்ப நேரமாகியும் கட்டையின் ஒரு மூலையில் மட்டும் தேநீர் நிறத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. அப்படிச் சொட்டினால் மீதி நீளம் முழுக்க அடைத்துவிட்டது என்று பொருள்.

செய்ய வேண்டியது: கட்டையைக் கொக்கிகளின் மேல் விரல்கடை உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். அதன் பின்னால், மண் படாமல், கூழாங்கல் பரப்ப வேண்டும். பட்டை நுனி கடைசிப் பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொட்டும் தண்ணீர் திரும்பிப் பலகைக்கே வரும். வெளியே நீட்டும் நுனிதான் வெயில்பட்டு முதலில் கெடும். மாற்றச் சுலபமான இடமும் அதுதான், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

தீவுக்காரி:
வடதிசை, 'புல் ஒரு பாரம்' என்பதை நார்வே எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்துக்கு அது பொருந்தாது. அங்கே பட்டை உரிக்கும் அளவுக்குப் பெரிய பிர்ச் இல்லை. குடியேறிய காலத்திலேயே காட்டைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள், மிச்சம் இருந்தது குட்டை மரம். கைமரங்களின் மேல் சுள்ளிகளையோ தட்டைக் கற்களையோ பரப்பி, அதன் மேல் நேராகப் புல்பாளம். தண்ணீரைத் தடுக்கும் வேலையையும் புல்லும் வேரும்தான் செய்தாக வேண்டும்.

அதனால் பாளத்தை எங்கே வெட்டுகிறார்கள் என்பதே எல்லாம். சதுப்பு நிலத்தில், வேர் பின்னிப் பின்னிப் பாயாகிவிட்ட இடமாகப் பார்த்து வெட்டுவார்கள். கையில் எடுத்து உலுக்கினால் மண் உதிரக் கூடாது. வட ஐஸ்லாந்தின் ஸ்காகாஃபியோர்துரில் கிளௌம்பேர் பண்ணைவீட்டின் சுவரைக் கிட்டே நின்று பாருங்கள். மீன்முள் வரிசை போல ஒரு வரி வலப்பக்கம் சாய்ந்து, அடுத்த வரி இடப்பக்கம் சாய்ந்து, நடுநடுவே நீளப் பட்டியாக ஒரு பாளம். அந்த ஆப்பு வடிவப் பாளத்துக்கு 'கிளாம்ப்ரா' என்று பேர். அந்த வட்டாரத்தில் சுவருக்கு ஏற்ற கல் குறைவு, ஆகவே சுவரே கிட்டத்தட்ட முழுவதும் புல்மண். வேர் நார்கள் வெட்டுமுகத்தில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

கூரைச் சரிவில் அங்கே தப்பே செய்யக் கூடாது. தட்டையாக வைத்தால் மழைநீர் வடிவதற்குள் ஊறி இறங்கிவிடும். செங்குத்தாக வைத்தால் வறண்ட நாட்களில் பாளம் காய்ந்து வெடிக்கும், அடுத்த மழை அந்த வெடிப்பு வழியே உள்ளே வரும். ஓராய்வி வட்டாரத்தில் ஹோஃப் என்னும் இடத்துத் தேவாலயம் 1884-ல் கட்டியது. அதன் கூரை கல்பலகை மேல் புல். பட்டை கிடையாது.

வடதிசை:
ஐஸ்லாந்து விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபாரோ தீவுகளில் மரமே இல்லாமலும் பட்டையை விடவில்லை. நார்வேயிலிருந்து கப்பலில் வரவழைத்துப் போட்டார்கள். கிடைக்கிற இடத்தில் எல்லாரும் பட்டையைத்தான் தேடியிருக்கிறார்கள்.

பெர்கன்மழை:
நார்வேயின் மேற்குக் கரையான வெஸ்ட்லான்டில் ஒரு கார் கொட்டகை. பழைய தகரக் கூரையைக் கழற்றிப்போட்டு, அதே கைமரங்களுக்கு மேல் புல் ஏத்தினவை. முதல் பனிக்காலம் முடியேக்க முகடு குதிரை முதுகு மாதிரி நடுவில் தொய்ஞ்சு போய்க் கிடந்தது. கதவு திறக்க ஏலாது. அவ்வளவுதான் கதை. இதைச் செய்ய நினைக்கிற ஆக்களுக்குக் கணக்கைச் சொல்லிப்போடுறன்.

தண்ணி ஊறின புல்கூரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ. மேல பனியும் சேர்ந்தால் 400, 500 வரை போகும். 50 சதுர மீட்டர் கூரை எண்டால் மழையில் பன்னிரண்டரை தொன், பனியில் 20 தொன்னுக்கு மேல. பழைய மரக்கட்டை வீடுகளுக்கு இந்தப் பாரம் நல்லது, சுவர்க்கட்டைகளை ஒண்டோடு ஒண்டு அமுக்கிக் காத்துப் போகாமல் பிடிக்கும். மெல்லிய சட்டக் கொட்டகைக்கு அது எமன். முதலில் கைமரம், பிறகு உத்தரம், பிறகு அத்திவாரம். மூண்டையும் பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் புல்லைப் பற்றிக் கதைக்க வேணும்.

பாளம் 30 சென்ரிமீட்டர் சதுரம், தடிப்பு 7, 8 சென்ரிமீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு அடுக்குக்கு 11 துண்டு. ரெண்டு அடுக்கு போடோணும், அப்ப 50 சதுர மீட்டருக்கு 1100 துண்டு. ஈரத்தில் ஒண்டு 11 கிலோ வரும். கீழ் அடுக்கைப் புல் கீழ்ப்பார்க்கக் கவிழ்த்துப் போடுறது. காய்ந்த புல் மெத்தை மாதிரிக் கிடந்து மண்ணின் அமிலம் பட்டையில் நேராகப் படாமல் கொஞ்சக் காலம் காக்கும். மேல் அடுக்கைப் புல் மேல்பார்க்கப் போடோணும், கீழ் அடுக்கின் மூட்டுகளை மூடுற மாதிரி. ரெண்டின் வேரும் பிணைஞ்சு ஒரே பாயாகும். ஒரு சரிவை முடிச்சுப்போட்டு மற்றதுக்குப் போகாதேங்கோ. ரெண்டு பக்கமும் சமமா, இறவாணத்திலிருந்து மேல ஏறிக்கொண்டு வரவேணும். இல்லாட்டி பாரம் ஒரு பக்கம் தள்ளும்.

இப்ப பட்டைக்குப் பதிலா தார்த்தாளும் அதுக்கு மேல குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பும் போடுகினம். குமிழ் கீழ்ப்பார்க்க வேணும், அந்த இடைவெளியால் ஈரம் வடியும். வேர் உள்ளே இறங்காது. பெர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல மழை. அங்க பட்டையைப் பற்றி ஏங்கிக்கொண்டு நிற்க எனக்குக் காரணம் தெரியேல்லை. ஒண்டு மட்டும்: பிளாஸ்டிக் வழுவழுப்பு. சரிவு 27 பாகையைத் தாண்டினால் இறவாணக் கட்டையை மட்டும் நம்பாதேங்கோ, முகட்டின் ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி வலை போட்டுப் பாளங்களைப் பிடிக்க வேணும்.

நாற்றங்கால்:
பெர்கன் மழையை வைத்து நாடு முழுக்கச் சொல்லாதீர்கள். நார்வேயின் உள்நாட்டுப் பகுதியான ஷோக் வட்டாரத்தில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவுதான். வயலுக்கே வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய ஊர். அங்கே ஒரு கூரையின் வடசரிவு பச்சை, தென்சரிவு வைக்கோல், முகட்டில் இரண்டு கைவீச்சு அகலத்துக்கு வெறும் மண். வெறும் மண் காற்றில் போய்விடும். போனால் அடியில் பட்டை தெரியும், தெரிந்தால் வெயில் அதை முறுக்கும். சேதம் எப்போதும் முகட்டிலும் பக்கவாட்டு ஓரப்பலகைக்கு அருகிலும்தான் ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் காற்று வாங்குகிற இடங்கள் அவை. ஓரப்பலகை பாளத்தின் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் பாதி வறட்சி குறையும்.

இதற்கு உரம் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள். வேண்டாம். உரம் போட்ட புல் செழித்து இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும், அடுத்த வறட்சியில் மொத்தமாகச் சாகும். சத்துக்குறைந்த மேய்ச்சல் நிலத்துப் பாளமும், முகட்டில் தண்ணீரைத் தன் இலைக்குள்ளேயே சேமிக்கும் சதைப்பற்றுள்ள சிறு செடிகளும்தான் நிற்கும். ஸ்வீடனில் அப்படி ஒரு செடிக்கே 'தாக்லோக்' என்று பெயர், கூரை வெங்காயம் என்று பொருள்.

மரக்கன்று விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டக் கூடாது. பிர்ச், ரோவன் இரண்டும் பறவையாலும் காற்றாலும் வந்து முளைக்கும். விரலளவு இருக்கும்போது, மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கையில் பிடுங்கினால் வேரோடு வரும். இடுப்பளவு வளர்ந்ததைப் பிடுங்காதீர்கள். அதன் வேர் பட்டை அடுக்குகளுக்குள் புகுந்திருக்கும், இழுத்தால் பட்டையும் சேர்ந்து கிழியும். அடியோடு அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தீவுக்காரி:
ஃபாரோ தீவுகளின் தலைநகர் தோர்ஸ்ஹாவ்னில் தின்கானெஸ் முனை, அரசு அலுவலகங்கள் இருக்கும் சிவப்பு மரக்கட்டிடங்கள், அவற்றின் கூரையிலும் புல்தான். கடல்காற்றில் அந்தப் புல் ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கும்.

முகட்டுத்தச்சன், இறவாணத்தைப் பார்க்கிறவர்கள் புகைக்கூண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணை நேராகக் கல்லில் அணைத்துவிட்டால் அந்த மூட்டு வழியே உள்ளே இறங்கும். பழைய நார்வே வீடுகளில் கூண்டைச் சுற்றி, புல்லின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலே, கல்பலகைகளை வெளியே நீட்டிப் பதித்திருப்பார்கள். கூண்டில் வழிகிற தண்ணீர் அந்தப் பலகையின் விளிம்பில் சொட்டி, மூட்டைத் தாண்டிப் புல்லில் விழும்.