"உங்களுக்குத் தெரியும்தானே, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?"

அமெரிக்காவில் பிஎச்.டி. செய்தபோது இரண்டு வருடம் பல்கலைக்கழக ரைட்டிங் சென்டரில் ட்யூட்டராக இருந்தேன். மாணவர் தான் எழுதியதைக் கொண்டுவருவார். முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். திருத்தித் தரக் கூடாது. பயிற்சியில் முதலில் படிக்கக் கொடுத்தது ஸ்டீபன் நார்த் என்பவர் ரைட்டிங் சென்டர்கள் பற்றி 1984இல் எழுதிய கட்டுரை. எழுத்தைச் சீராக்குவதல்ல, எழுதுகிறவரை மேம்படுத்துவதே நம் வேலை என்கிறார். 1991இல் எழுதிய ஜெஃப் புரூக்ஸ் இன்னும் கறார்: தாள் மாணவர் முன்னால் இருக்கட்டும், உன் கையில் பென்சிலே வேண்டாம், அவரையே உரக்கப் படிக்கச் சொல்.

சொன்னபடியே செய்தேன். வந்தவர் ஒரு கொரிய மாணவர், மெக்கானிக்கல். ஒரே பக்கத்தில் பதினைந்து இடத்திலாவது 'தி' (the) விட்டுப்போயிருந்தது. உரக்கப் படிக்கச் சொன்னேன். கணீரென்று படித்தார், எங்கும் தடுக்கவில்லை. "இந்த வரியில் ஏதாவது உறுத்துகிறதா?" இல்லையாம். அடுத்த வரி? அதுவும் இல்லை. கால் மணி நேரம் இப்படியே போனதும் என்னை நேராகப் பார்த்து, தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்டார். வெட்கமாகிவிட்டது. கொரிய மொழியிலும் நம்மைப் போலவே ஆர்ட்டிகிள், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' எல்லாம் கிடையாது. இல்லாத ஒன்று காதில் எப்படி உறுத்தும்? எனக்கே அது காதால் வந்ததல்ல, பள்ளியில் இலக்கணத்தை உருப்போட்டு வந்தது.

வாராந்தரக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் மூத்த ட்யூட்டர் ஒருவர் ஜெராக்ஸ் பிரதி ஒன்றை நீட்டினார். ஜூடித் பவர்ஸ், 1993, ரைட்டிங் சென்டர் ஜர்னல். ஆங்கிலம் இரண்டாம் மொழியானவர்களிடம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது, தெரிந்ததை நேராகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார். அட, நமக்கு முன்பே ஒருவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து விழித்திருக்கிறாரே!

அடுத்த வாரம் அந்தக் கொரிய மாணவரிடம் நேராகவே சொன்னேன்: எதைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குத் தெரிந்தால் 'தி'. எங்கள் ஊரில் 'ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு' என்போமே, அந்த 'அந்த' மாதிரி. எல்லா இடத்துக்கும் பொருந்தாதுதான். ஆனாலும் விட்டுப்போனதில் பாதிக்கு மேல் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

* * *

மேலே எழுதியவருக்கு: நான் அதற்கு நேர் எதிராகப் போய்ச் சறுக்கினேன். நேராகச் சொல்வதுதான் சரி என்று, நர்சிங் விண்ணப்பக் கட்டுரையோடு வந்த ஒரு பெண்ணுக்கு வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுத்தேன். அவரும் சளைக்காமல் குறித்துக்கொண்டார். நேர்காணலில் அதில் ஒரு வார்த்தையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லத் தெரியவில்லை. என்னிடம் வந்து கோபப்படக்கூட இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இப்போதெல்லாம் இலக்கணம் என்றால் நேராகச் சொல்லிவிடுவேன். வார்த்தை என்றால், "உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வேன்.

அப்புறம், அந்த ராஜாவை நான் கடன் வாங்கிக்கொள்கிறேன். வியாழக்கிழமை ஒரு ஜப்பானிய மாணவி வருகிறார்.