ஃபுளோரன்ஸ் போய் வந்தவர்களே, உங்கள் மனதில் தங்கியது எது?

கரையோரம்:

போன நவம்பரில் நானும் அம்மாவும் ஃபுளோரன்ஸில் ஐந்து நாள் இருந்தோம். உஃபிஸி ஓவியக் கூடம், டேவிட் சிலை, பொன்டே வெக்கியோ பாலம் என்று எல்லோரும் பார்ப்பதையெல்லாம் நாங்களும் பார்த்தோம். ஆனால் இன்றும் கண்ணை மூடினால் எனக்கு முன்னால் வருவது ஒரு தெருமுனைச் சுவர்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

சான்டா குரோச்சே தேவாலயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் வியா தே நெரி என்று ஒரு குறுகலான தெரு. மதிய நேரத்தில் சாண்ட்விச்சுக்கு நிற்கும் கூட்டத்தில் நடக்கவே இடம் இருக்காது. அந்தத் தெருவும் வியா சான் ரெமிஜியோவும் கூடும் மூலையில் அண்ணாந்து பார்த்தால், சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். கீழே இருப்பது 1333-ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு. கல்லில் அலை அலையாக ஒரு கோடு, அந்தக் கோட்டைச் சுட்டு விரலால் காட்டும் ஒரு கை. தண்ணீர் இதுவரை ஏறியது என்று அந்த விரல் சொல்கிறது. மேலே இருப்பது 1966-க்கு. இரண்டு வெள்ளமும் வந்தது நவம்பர் 4-ஆம் தேதி. 633 வருடம் கழித்து அதே நாளில் ஆர்னோ ஆறு மறுபடியும் ஊருக்குள் புகுந்திருக்கிறது, முன்னைவிட உயரமாக. அம்மா கையைத் தூக்கிப் பார்த்தார். 1333-இன் கோடுகூட எட்டவில்லை.

நாங்கள் அப்படி நிற்பதைப் பார்த்து, காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்றார். தன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்து, அப்போது நான் இவ்வளவு உயரம் என்று காட்டினார். மீதியைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துக்கொண்டு பேசினோம். அவர்கள் வீடு இரண்டாவது மாடி. அன்று அரசு விடுமுறை என்பதால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்களாம். தண்ணீரைவிட அந்த வாடைதான் தன் நினைவில் நிற்கிறது என்றார். குளிர்காலத்துக்கென்று வீட்டு நிலவறைகளில் எரியெண்ணெய் நிரப்பி வைத்திருந்த சமயம் அது. தொட்டிகள் உடைந்து எண்ணெயெல்லாம் சேற்றோடு கலந்துவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் சுவர்களில் கறுப்புப் பட்டை போகவே இல்லை. இரண்டு நாள் கயிற்றில் கூடை கட்டி இறக்கித்தான் ரொட்டி வாங்கினார்களாம். இதைச் சொல்லும்போது கயிறு இறக்குவது போலவே அவர் கை இறங்கியது.

அவர்தான் எங்களைச் சான்டா குரோச்சேக்கு மறுபடியும் போகச் சொன்னார். மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி கல்லறைகளை முதல் நாளே பார்த்திருந்தோம். அவர் சொன்னது சிமாபுவே என்ற ஓவியரின் சிலுவையை. 13-ஆம் நூற்றாண்டில் மரத்தில் தீட்டியது, நாலு மீட்டருக்கு மேல் உயரம். 1966-இல் வெள்ளத்தில் மூழ்கி, வண்ணத்தில் பாதிக்கு மேல் உதிர்ந்துபோனது. உதிர்ந்த துணுக்குகளைச் சேற்றிலிருந்து சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார்கள். சீர்செய்தவர்கள், போன முகத்தைத் தங்கள் கற்பனையில் வரைந்து ஒட்டவில்லை. வெறுமையான இடங்களில் மெல்லிய கோடு கோடாக நிறம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உருவம் முழுதாகத் தெரிகிறது. கிட்டே போனால் எது மிஞ்சியது, எது போனது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். காயத்தை மறைக்காமல் ஆற்றியிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார்.

அங்கேயே பழைய உணவுக்கூடத்தில் வசாரி என்ற ஓவியரின் 'கடைசி இராவுணவு' ஓவியம் இருக்கிறது. ஐந்து பெரிய பலகைகள் சேர்ந்தது. அதுவும் அன்று மூழ்கியதுதான். 2016-இல், வெள்ளத்தின் ஐம்பதாம் ஆண்டில், திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள். இன்னொரு வெள்ளம் வந்தால் ஓவியத்தை அப்படியே மேலே தூக்கிவிட ஒரு பொறியமைப்பும் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்காதவர்கள்கூட அந்தத் தெருமுனைச் சுவரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

மேஸ்திரி மகன்:

அக்கா, அந்தச் சுவரைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று இருக்கிறது. என்னுடையது பேராலயத்தின் குவிமாடம்.

அப்பா நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவர். சித்தாளாகத் தொடங்கி, கொத்தனாராகி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். 67 வயது, முழங்கால் வலி வேறு. 463 படி, லிஃப்ட் கிடையாது, நீங்கள் கீழேயே உட்காருங்கள் என்றேன். "கீழேருந்து பார்த்தா பெயின்ட்தான் தெரியும், வேலை மேலேதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கிவிட்டார்.

குவிமாடம் ஒரே சுவர் கிடையாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஓடுகள். நடுவில் இருக்கும் சந்தில்தான் படி போகிறது. மேலே போகப் போகச் சுவர் நம் மேல் சாய்ந்துகொண்டே வரும். பூச்சு இல்லாமல் செங்கல் தெரியும் ஓர் இடத்தில் அப்பா சட்டென்று நின்றுவிட்டார். நாலைந்து கல் படுக்கையாக, அப்புறம் ஒரு கல் நெட்டுக்குத்தாக. அடுத்த வரிசையில் அந்த நெட்டுக்கல் கொஞ்சம் தள்ளி. அதற்கு மேல் இன்னும் தள்ளி. மீன்முள் போல அது சுற்றிச் சுற்றி மேலே போகிறது. "சென்ட்ரிங் இல்லாமயா கட்டினான்?" என்றார். கட்டியது இறுகும்வரை அடியில் நின்று தாங்கும் சட்டம்தான் சென்ட்ரிங். நான் அதுவரை ஒன்றுமே சொல்லவில்லை. கல்லைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

உண்மைதான். 1296-இல் தொடங்கிய கட்டடம் அது. சுவரெல்லாம் எழும்பி, மேலே மட்டும் 40 மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் வாய் திறந்து கிடந்தது. அந்த அகலத்துக்குத் தரையிலிருந்து மரச் சென்ட்ரிங் போட யாராலும் முடியவில்லை. 1418-இல் போட்டி அறிவித்தார்கள். பொற்கொல்லராகத் தொழில் பழகிய புருனெலெஸ்கி, சென்ட்ரிங்கே வேண்டாம் என்று சொல்லி, 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார். உள்பக்கமாகச் சரிந்து உட்காரும் கல், கலவை இறுகும்வரை வழுக்கிவிடக் கூடாது. அதைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த நெட்டுக்கல்லின் வேலை. ஒரு சுற்று முடிந்துவிட்டால் அந்த வளையம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும், அடுத்த சுற்றை அதன்மேல் ஏற்றலாம். இப்படி 40 லட்சத்துக்கும் மேல் செங்கல்.

அப்பா கலவை இணைப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்தவர்களுக்கு வழி இல்லை. மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். பின்னால் நின்றவர் அப்பா வயசுக்காரர், இத்தாலியர். அவர் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை விரித்துக் காட்டினார். அதே காய்ப்பு. நெஞ்சில் கை வைத்து "முராத்தோரே" என்றார். கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். கொத்தனார்! அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து உச்சிவரை இரண்டு பேரும் சேர்ந்தே ஏறினார்கள். அப்பா தமிழில் பேசினார், அவர் இத்தாலியனில் பேசினார், நடு நடுவே நின்று ஒரு கல்லைக் காட்டுவார்கள், தலையாட்டுவார்கள். எனக்கு அங்கே மொழிபெயர்க்கும் வேலையே இருக்கவில்லை.

இறங்கிய பிறகு பேராலய அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். கட்டும்போது பயன்படுத்திய கப்பிகள், செங்கல் அச்சுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கல் ஏற்றுவதற்குப் புருனெலெஸ்கி செய்த பொறியை மாடுகள் சுற்றும். ஏற்றுவதிலிருந்து இறக்குவதற்கு மாற்ற மாட்டை அவிழ்த்துத் திருப்பிப் பூட்ட வேண்டாம், பல்சக்கரத்தை மாற்றினால் போதும். இதை விளக்கியபோது அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிபெர்த்தி என்ற சிற்பியின் 'சொர்க்க வாசல்' வெண்கலக் கதவின் அசலும் அங்கேதான் இருக்கிறது, பேராலயத்துக்கு எதிரே திருமுழுக்குக் கூடத்தில் நிற்பது நகல். அக்கா சொன்ன வெள்ளத்தில் அதன் பத்துப் பலகைகளில் ஐந்து பிய்ந்து விழுந்தன.

வெளியே தெற்குப் பக்கம் புருனெலெஸ்கி சிலை இருக்கிறது. உட்கார்ந்தபடி தன் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கிறார். அப்பாவும் அந்தப் பக்கமே ஒரு படியில் உட்கார்ந்து, கால் வலி தீரும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுநடை:

நான் சின்னதாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் மூச்சு முட்டியவர்கள் சான் மார்க்கோ மடத்துக்குப் போங்கள். மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில் ஃபிரா ஆஞ்சலிகோ என்ற துறவி ஓவியர் தீட்டிய 'மங்கள வார்த்தை' (மரியாளிடம் தேவதூதர் செய்தி சொல்லும் காட்சி) நேராக எதிரில் நிற்கும். அப்புறம் வரிசையாகத் துறவிகளின் அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சன்னல், சுவரில் ஓர் ஓவியம், அவ்வளவுதான். அங்கே வாழ்ந்த துறவி தினமும் பார்த்து மனதை ஒருமுகப்படுத்த வரைந்தவை அவை. ஓர் அறையில் பத்து நிமிடம் தனியாக நின்றேன். வாசலில் வந்த காவலர், நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அக்காதெமியாவில் டேவிட்டைப் பார்க்க ஓடுகிறவர்கள், போகிற வழியில் இரண்டு பக்கமும் நிற்கும் 'கைதிகள்' சிலைகளை விட்டுவிடாதீர்கள். மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்டவை. கல்லுக்குள்ளிருந்து தோளும் முட்டியும் பாதி வெளியே வந்து நிற்கும், உளித் தடம் அப்படியே தெரியும். என்னைக் கேட்டால் டேவிட்டைவிட அவைதான்.

தயிர்சாதம்:

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை. ரிபொல்லிதா என்று ஒரு கெட்டியான சூப், பீன்ஸ், கருங்கீரை, பழைய ரொட்டி போட்டுக் கொதிக்க வைப்பது. குளிருக்கு இதமாக இருந்தது. கறிச்சாறில் செய்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். போட்டி, குடல் சாப்பிடுகிறவர்களுக்கு லம்பிரெதொத்தோ என்று மாட்டு இரைப்பையில் செய்த சாண்ட்விச் தெருவண்டிகளில் கிடைக்கும், என் தம்பி மூன்று நாளும் அதையேதான் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை உஃபிஸிக்கு விடுமுறை என்பதைக் கவனிக்காமல் போய்விட்டோம். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது, நியாயம்தான். சரி, எங்காவது மரம் இருக்கும் இடத்துக்குப் போகலாம் என்று ட்ராம் பிடித்துக் காஷினே பூங்காவில் இறங்கினோம். ஆர்னோ கரையோடு ஒட்டி நீளமாகப் போகும் பூங்கா. முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். மேற்குக் கோடியில், மரங்களுக்கு நடுவில், நம் ஊர் மண்டபம் போல ஒன்று! கிட்டே போனால் தலைப்பாகை கட்டிய ஓர் இளைஞனின் மார்பளவுச் சிலை, வண்ணம் பூசியது.

கோலாப்பூர் மகாராஜா ராஜாராம். இங்கிலாந்து போய்விட்டு ஊர் திரும்பும் வழியில் உடல்நலம் கெட்டு, 1870 நவம்பர் 30-ஆம் தேதி ஃபுளோரன்ஸில் இறந்துபோனார். வயது 20. அப்போது இத்தாலிக்கே அதுதான் தலைநகரம். எரியூட்டுவது அந்த ஊருக்குப் பழக்கமில்லாத ஒன்று. தனி அனுமதி வாங்கி, ஆர்னோவோடு முஞ்ஞோனே என்ற சின்ன ஆறு கலக்கும் இடத்தில் சிதை மூட்டினார்கள். நாம் கூடுதுறை என்று சொல்வோமே, அப்படிப்பட்ட இடத்தைத்தான் கூட வந்தவர்கள் தேடியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஊரில், அந்தக் குளிரில். நான்கு வருடம் கழித்து அங்கேயே இந்த நினைவுச் சின்னத்தை எழுப்பினார்கள். மண்டபத்தை வடிவமைத்த சார்லஸ் மான்ட்தான் பின்னால் கோலாப்பூரின் புதிய அரண்மனையையும் வடிவமைத்தவர்.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளை என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் எங்களிடம் வந்து பேசினார். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். அந்த இடத்துக்கே 'இந்தியானோ' என்றுதான் பெயராம். பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் பெரிய பாலத்துக்கும் அதே பெயர். சின்ன வயதிலிருந்து இங்கே வருகிறேன், இவர் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்க ஒருவரும் கிடைக்கவில்லை என்றார். அங்கே பொறித்திருக்கும் அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே படித்தால் 'சுத்ரபுத்தி' என்றுதான் வரும். "ராஜாராம் சத்ரபதி" என்று மனைவி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிலையைப் பார்த்தபடியே சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.