சென்னைத் தொலைக்காட்சியின் முதல் பத்தாண்டு: பொற்காலமா, வேறு வழியில்லாத காலமா?

ஃப்ளோர்_சேப்பாக்கம்:
சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பித்தது. அதைப் பற்றி யார் எழுதினாலும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஸ்டூடியோ தரையில் நின்று வேலை பார்த்தவனுக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பாட்டும் படமும் சினிமாக்காரர்கள் எடுத்தது, நாங்கள் ஓட்டினோம், அவ்வளவுதான். நாங்களே உருவாக்கியது விவசாயிகளுக்கான வயலும் வாழ்வும், ஸ்டூடியோ நாடகங்கள், குழந்தைகளுக்கான கண்மணிப் பூங்கா எல்லாம். அந்தத் தரத்துக்கு இன்றைக்கு இருக்கிற எந்தச் சேனலும் பக்கத்தில் வர முடியாது. பொற்காலம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புகையான் பூச்சி பற்றி ஒரு நிகழ்ச்சி. வேரோடும் சேற்றோடும் நெற்பயிரை வாளியில் வைத்து ஸ்டூடியோவுக்குள் கொண்டு வந்தோம். அப்போது எல்லாமே கறுப்பு வெள்ளை. பச்சைப் பயிரும் பழுத்துத் தீய்ந்த பயிரும் மானிட்டரில் ஒரே சாம்பல் நிறம்! பூச்சியோ தூரடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், விளக்கு பட்டதும் மறுபக்கம் ஓடும். நல்ல பயிரையும் கெட்ட பயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் இறக்கி, தூரைக் கையால் விலக்கிப் பிடிக்கச் சொல்லி, வேளாண் அதிகாரியை நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்து எடுத்தோம். "இந்த இலை மஞ்சள், இது செம்பழுப்பு" என்று அவர் சொல்லச் சொல்ல கேமரா இறங்கும். ஒரு பூச்சிக்காக அவ்வளவு பேர் மெனக்கெட்டோம்.

பழைய_செய்தியறை:
சார், உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பொற்காலம் என்ற வார்த்தையை ஒத்துக்கொள்ள முடியாது. நிலையம் பிறந்த தேதியைக் கொஞ்சம் பாருங்கள். ஜூன் 25 நெருக்கடி நிலை, ஆகஸ்ட் 15 தொடக்கம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நேரத்தில் பிறந்த பிள்ளை அது. 1977 பிப்ரவரியில் டெல்லியில் எதிர்க்கட்சிகளின் பெரிய கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது என்று ஒரு பெரிய வசூல் படத்தைப் போட்ட கதை நாடறியும். ஊடகங்களைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றி அந்த வருஷமே மத்திய அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. மரணச் செய்தியைச் சொல்லி முடித்த பிறகு, சாயங்காலம்தான் நம் வானொலியும் தொலைக்காட்சியும் வாய் திறந்தன. செய்தி என்று உட்கார்ந்து பார்த்த மக்களுக்குச் செய்ததா இது? பார்க்க வேறு சேனல் இல்லை, அதனால் பார்த்தார்கள். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்ததும் கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ளோர்_சேப்பாக்கம்:
டெல்லியில் எடுத்த முடிவுக்குச் சென்னை ஸ்டூடியோக்காரன் எப்படிப் பொறுப்பு? செய்தி வேறு, நிகழ்ச்சி வேறு. எதிரொலி நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களை வைத்துக்கொண்டு இயக்குநர் ஏ. நடராஜன் பதில் சொல்வாரே, எந்தத் தனியார் சேனல் தன் மேல் வந்த குறையைத் தானே வாசித்துக் காட்டுகிறது?

முத்துநகர்:
அண்ணாச்சி, நான் நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. ஆனா பார்க்கக் கொடுத்து வைக்காதவன். வயலும் வாழ்வும் பத்திப் பெருமையாச் சொல்லுதீக. ஆரம்பத்தில் அந்தச் சிக்னல் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்குத்தானே வந்தது? தாமிரபரணிக் கரையில் விவசாயி இல்லையா? எங்க கடற்கரை ஊர்களில் வீட்டுக்கூரையைவிட உயரமாக் குழாய் நட்டு, பூஸ்டர் மாட்டி, இலங்கை ரூபவாஹினிதான் பார்த்தோம். அது 1982 பிப்ரவரியில் ஆரம்பிச்சது. கிரிக்கெட் அதில், நாடகம் அதில், தமிழ்ச் செய்தியும் அதில்தான். அப்புறம் சின்னச் சின்ன ஒளிபரப்பி வந்தப்போ அதில் வந்தது டெல்லி நிகழ்ச்சி. இந்தி தெரியாத ஊருக்கு இந்தி. கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் சென்னை முகங்களை நாங்க பார்த்தோம். ஷோபனா ரவி செய்தி வாசிக்கிற அழகை மெட்ராஸ் போய் வந்தவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். பாதித் தமிழ்நாட்டுக்குத் தெரியாத ஒன்னைத் தமிழ்நாட்டோட பொற்காலம்னு எப்படிச் சொல்றது?

பழைய_செய்தியறை:
முத்துநகர் சொன்னதுதான் எனக்கும் பெரிய விஷயமாகப் படுகிறது. 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நிகழ்ச்சி. அதற்கப்புறம் சென்னைக்குள்ளேயே இரவு நேரம் டெல்லிக்குப் போய்விட்டது. வண்ணம் வந்த அதே நாளில் தமிழுக்கான நேரம் சுருங்கியது. சார், உங்கள் நாடகத்துக்கும் அதே கதிதான்.

ஸ்டீன்பெக்:
நான் ஃபிலிம் எடிட்டிங். இரண்டு பேரும் என் மேஜையைத் தாண்டிப் போய்விட்டீர்கள், அதனால் வருகிறேன்.

செய்தி வேறு, நிகழ்ச்சி வேறு என்று பிரிப்பது உள்ளே இருந்த யாருக்கும் தெரியாத பிரிவு, சார். ஆரம்பத்தில் வெளியே போய் எடுப்பதெல்லாம் 16 எம்.எம். ஃபிலிம். பகலில் ஒரு விழா, அது லேப்பில் கழுவி, உலர்ந்து என் கைக்கு வரும்போது செய்திக்கு நேரம் நெருங்கியிருக்கும். ஸ்பிளைசரில் வைத்து வெட்டி, டேப் ஒட்டி, ஃபிலிமைத் தொலைக்காட்சிப் படமாக மாற்றும் டெலிசினி இயந்திரத்துக்கு ஓடுவோம். ஒட்டு சரியில்லை என்றால் ஒளிபரப்பிலேயே பிய்யும். பெரும்பாலும் சத்தம் இருக்காது, வாசிப்பவர் படத்துக்கு ஏற்ப நிதானித்துப் படிக்க வேண்டும். இவ்வளவு திறமையாகச் செய்ததில் பாதி அமைச்சர்கள் அடிக்கல் நாட்டியதும் ரிப்பன் வெட்டியதும்தான். செய்தியறை சொல்வது உண்மை. அதே மேஜையில் அதே ராத்திரி செங்கல்பட்டு ஏரிப் பாசனம் பற்றி ஒரு துண்டுப் படமும் வெட்டியிருப்பேன். ஃப்ளோர் சார் சொல்வதும் உண்மை. ஒரே கை, ஒரே கத்தி. இதில் எதைப் பொற்காலத்தில் சேர்ப்பது, எதை விடுவது?

எனக்கு வருத்தம் வேறு. நீங்கள் சொல்லும் நாடகத்தை இன்றைக்கு யாராவது போட்டுக் காட்ட முடியுமா? நிறைய நேரடி ஒளிபரப்பு. பதிவானதும் விலை உயர்ந்த இறக்குமதி வீடியோ டேப்பில். அழித்து மறுபடி எடுப்பதுதான் அந்தக் காலத்து நடைமுறை, பி.பி.சி.யே தன் 60களின் தொடர்களை அப்படித்தான் தொலைத்தது. தரம் இருந்தது, இல்லை என்று நாம் சண்டை போடுவது எல்லாம் ஞாபகத்தை வைத்துத்தான்.

ஃப்ளோர்_சேப்பாக்கம்:
ஞாபகமும் சாட்சிதான், மேடம். நிலையம் எட்டிய தூரம் குறைவு என்று முத்துநகர் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. டவர் கட்டுவதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது ஸ்டூடியோ இல்லையே. ஆனால் ஒரு விவசாயி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தால் கேமரா ட்யூபுக்கு ஆகாது என்று வெளிர் நீலச் சட்டை கொடுத்து, அவர் கூச்சம் போகும்வரை கேமராவுக்குப் பின்னால் நின்று அறுவடை பற்றிப் பேச்சுக் கொடுப்போம். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே விளம்பரம் போட மாட்டார்கள். இன்றைக்கு ஒரு விவசாயி எட்டு நிமிஷம் தொடர்ந்து பேசி எந்தச் சேனலிலாவது பார்த்தீர்களா? ஏதோ போராட்டம் என்றால் முப்பது வினாடி.

பழைய_செய்தியறை:
அந்த எட்டு நிமிஷத்தில் அவர் விதை, உரம், மருந்து பற்றிப் பேசலாம். கொள்முதல் விலை போதவில்லை என்று பேச முடியுமா, சார்? அரசுத் துறையிலிருந்து அதிகாரி வருவார், அரசு சொல்லும் உரத்தைச் சொல்வார். 1978இல் மத்திய அரசு அமைத்த வர்கீஸ் குழு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தன்னாட்சி கொடுங்கள் என்று சொன்னது. சட்டம் 1990இல் வந்தது, அதன்படி இரண்டையும் நடத்தும் தன்னாட்சி அமைப்பான பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்தது 1997இல். அதற்குள் பார்வையாளர்கள் போய்விட்டார்கள். நம் கையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சுதந்திரம் வந்திருந்தால், நீங்கள் சொல்லும் பொற்காலத்தை நானும் சேர்ந்து கொண்டாடியிருப்பேன்.

முத்துநகர்:
விலை பேச முடியாட்டியும் புகையானாவது எங்க ஊருக்கு வந்திருக்கலாம் அண்ணாச்சி. பூச்சி வந்தது, நிகழ்ச்சி வரலை.

ஸ்டீன்பெக்:
சரி, ஒரு வேலை செய்வோமா? கேமரா, லைட்டிங், மேக்கப், டெலிசினி, லேப் என்று திரையில் முகம் தெரியாதவர்கள் பலரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். செய்தியறை கேள்வி கேட்கட்டும், ஃப்ளோர் சார் ஆட்களைக் கூட்டி வரட்டும். யாரிடமாவது பழைய கியூ ஷீட் (எது எப்போது வர வேண்டும் என்ற குறிப்புத் தாள்), ஷூட்டிங் அட்டவணை, நாடகப் பிரதி ஏதாவது இருந்தால் முதலில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். என்னிடம் செய்திப் படத்துக்கான ஷாட் பட்டியல் சில தாள்கள் இருக்கின்றன, ஓரம் மட்டும் கரையான் அரித்திருக்கிறது. நாளைக்குப் போடுகிறேன்.