மேடைப் பேச்சைக் கேட்டதும் ‘பாசிசம்’ என்று சொல்லிவிடலாமா?

கட்டபெட்டு வாசி:
நேற்று சாயங்காலம் டீக்கடையில் வர்க்கியை முக்கிக்கொண்டிருந்தபோது டிவியில் ஒரு தலைவர் எதிர்க்கட்சிக்காரர்களைக் ‘களை’ என்றார். “அப்படியே இத்தாலி சர்வாதிகாரி முசோலினி” என்றேன். பக்கத்திலிருந்த மாமா சிரித்தார்: “பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு மறியல் செஞ்சப்ப எங்களையும் ஒருத்தர் களைன்னுதான் சொன்னார்.” பேச்சை வைத்து மட்டும் ஒப்பிடலாமா?

குன்னூர் குளிர்:
தாராளமாக. எல்லாம் பேச்சில்தானே ஆரம்பிக்கிறது?

பழைய வாத்தியார்:
ஆரம்பிக்கலாம். ஆனால் பாசிசம் பிறந்த இத்தாலியில் பேச்சோடு கூடவே ஆள்படையும் வந்தது. முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். எதிராளியைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். போலீஸ் பல இடங்களில் வேடிக்கை பார்த்தது. 1924 மே 30-ல் மத்தியோத்தி என்ற சோசலிஸ்ட் உறுப்பினர், தேர்தலே அடிதடியில் நடந்தது என்று நாடாளுமன்றத்தில் பேசினார். ஜூன் 10-ல் அவரைக் கடத்திக் கொன்றார்கள். உடல் கிடைத்தது ஆகஸ்டில். அடுத்த ஜனவரியில் பிரதமர் முசோலினி அதே சபையில் எழுந்து, நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு என்றார். யாரும் அவரைப் பதவியிலிருந்து இறக்கவில்லை.

(பிளஸ் டூ தாளில் ஒரு பையன் ‘கருஞ்சட்டை’ என்றதும் பெரியாரை ரோமுக்கு அனுப்பிவிட்டான். சட்டையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் இப்படித்தான்.)

கட்டபெட்டு வாசி:
அப்போ கொலை விழும்வரை சும்மா இருக்கணுமா சார்?

பழைய வாத்தியார்:
அப்படிச் சொல்வேனா? ‘களை’ என்றதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மறுநாள் யாராவது களைக்கொத்தோடு கிளம்பினார்களா, போலீஸ் அவர்களைப் பிடித்ததா, பேப்பரில் வந்ததா என்று பாருங்கள். அசந்தும் இருக்காதீர்கள். ஜெர்மனியில் ஹிட்லர் 1933 ஜனவரி 30-ல் பதவிக்கு வந்தார். மார்ச் 23-ல் சட்டம் போடும் அதிகாரத்தை நாடாளுமன்றமே அவர் அரசிடம் கொடுத்துவிட்டது. 52 நாள். நம் ஊர்க் கணக்கில் நாலு சுற்று இலை பறிக்கிற நேரம்.

குன்னூர் குளிர்:
52 நாள்தானா! சரி, என் ஒற்றை வரியை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும்.

கட்டபெட்டு வாசி:
இன்று மாமாவிடம் கேட்டேன், மறியலுக்கு அப்புறம் யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று. “அந்த ஆளேதான் வந்தார், அடுத்த எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு. டீ போட்டுக் கொடுத்தேன், ஓட்டுப் போடலை” என்றார்.