பட்டம், அனுபவம் பார்க்காமல் திறமை பார்த்து அரசு வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி?

கேள்வி: கணக்கு உதவியாளர் மாதிரியான அரசுப் பணிகளுக்குப் பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் வைத்தே வடிகட்டுகிறார்கள். திறமைதான் முக்கியம், நியாயமாகவும் இருக்கணும் என்றால் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: முதலில் பணி ஆய்வு. அந்த வேலையில் இருப்பவர்களையே கேட்டு, முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியதையும் சேர்ந்தபின் கற்கக்கூடியதையும் பிரியுங்கள். முதல் வகைக்கு மட்டும் தேர்வு. உதாரணமாக, பிழைகள் கலந்த 20 செலவுச் சீட்டுகளைக் கொடுத்து 40 நிமிடத்தில் சரிபார்க்கச் சொல்லலாம். பிழையைப் பிடித்தால் எவ்வளவு, காரணம் எழுதினால் எவ்வளவு, சரியான சீட்டைத் தவறென்றால் எவ்வளவு கழிவு என்ற விடைக்குறிப்பை அறிவிப்புக்கு முன்பே எழுதிப் பூட்டிவிடுங்கள். விடைத்தாள் வந்தபின் விடைக்குறிப்பில் கைவைத்தால் வழக்குதான்.

பதில் 2: விண்ணப்பிப்பவரே தன் திறமைக்கு மதிப்பு போடுற தன்மதிப்பீட்டுப் படிவத்தைத் தயவுசெய்து தூக்கிவிடுங்க. எல்லாரும் "நிபுணர்" என்று டிக் அடிப்பாங்க, உண்மையைச் சொன்னவர்தான் வெளியே போவார்.

நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், 1 முதல் 5 வரை ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் மாதிரி விடை வேணும். குழுவினர் கலந்து பேசும் முன் தனித்தனியா மதிப்பெண் போட்டுடணும். இல்லேன்னா மூத்த அதிகாரி பக்கமே எல்லாரும் சாய்வாங்க. பழைய ஆய்வுகளைத் திரும்ப அலசி 2022-இல் வந்த மறு ஆய்வில், பணித்திறனுடனான தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) இப்படிக் கட்டமைத்த நேர்காணலுக்கு 0.42, கட்டமைக்காததுக்கு 0.19.

பதில் 3: மேலே விட்டுப்போனது ஒன்று. பார்வையற்றவர்களுக்குத் தேர்வின் செலவுச் சீட்டுகளைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலாகச் சொல்லும் மென்பொருள்) படிக்கும் கோப்பாகவே கொடுங்கள். ஸ்கேன் செய்த படம் உதவாது.