ஹோஸ்டிங் விற்பனைக்கு இலவசங்கள் கைகொடுக்குமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் நான்கு ஆண்டுகளாகச் சிறிய அளவில் வெப் ஹோஸ்டிங் (வலைத்தளங்களுக்கு சர்வரில் இடம் தருவது) தொழில் செய்து வருகிறேன். ஒரு தனி சர்வரை வாடகைக்கு எடுத்து, அதை நிர்வகிக்க சிபேனல் மென்பொருள் போட்டு, ஆண்டுக்கு 1,500 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற ஒரே திட்டத்தைத்தான் விற்கிறேன். இப்போது 180 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பம்ப் உதிரிபாகம் செய்பவர்கள், நர்சரிப் பள்ளி நடத்துபவர்கள், சமையல் ஒப்பந்தக்காரர்கள் என்று நேரில் பழகியவர்களே. முன்பின் தெரியாதவர் இணையத்தில் தேடி என்னிடம் வந்து சேர்வது மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய தீபாவளிக்கு, முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று அறிவித்தேன். மூன்று வாரத்தில் 64 பேர் சேர்ந்தார்கள். புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அவர்களில் 11 பேர்தான் பணம் கட்டினார்கள். மற்றவர்கள் அதற்குள் வேறு யாரோ அறிவித்த தள்ளுபடிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

எனவே இந்த முறை விலையில் கைவைக்காமல், கூடுதலாக ஏதாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஓராண்டுக்கு இலவச டொமைன் (தளத்தின் பெயர்), இலவச எஸ்எஸ்எல் (தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ்), ஒரு மாத இலவசச் சோதனைக் கணக்கு, நிறுவனத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட் (திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் மலிவாகக் கிடைக்கும்), தீபாவளிக்குள் சேருபவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் கைப்பேசி ஆகியவை மனத்தில் உள்ளன. இவற்றில் எது பலன் தரும், எது கையைக் கடிக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய சர்வர் எழுதியது:

முதலில் டொமைனைப் பார்ப்போம், ஏனெனில் பணம் கரையும் இடம் அதுதான். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் ஒரு டொமைனுக்கு விற்பனையாளர்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. அதன்மேல் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் சிறு கட்டணமும், உங்களுக்கு டொமைன் விற்பவரின் லாபமும் சேரும்; எப்படிக் கணக்குப் போட்டாலும் 900 ரூபாய்க்குக் குறைந்து உங்கள் கைக்கு வராது. 1,500 ரூபாயை வாங்கி அதில் 900 ரூபாயை அங்கே கட்டிவிட்டால், மீதமுள்ள 600 ரூபாயில் சர்வர் வாடகை, சிபேனல் உரிமம், பேக்கப் இடம், இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு எல்லாவற்றையும் ஓராண்டு சமாளிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இது கட்டுப்படியாவதற்குக் காரணம், மாதம் இவ்வளவுதான் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டுப் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொள்வதும், புதுப்பிக்கும்போது விலையை இரண்டு மூன்று மடங்காக்குவதும்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கேட்கக்கூடியவர்கள். அவர்களிடம் அந்த வித்தை நடக்காது.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு ஆண்டுப் பணம் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு மட்டும், அதுவும் பொதுவாக விலை குறைந்த டாட் இன் டொமைனாகக் கொடுங்கள். பதிவை அவர்கள் பெயரிலும் அவர்கள் மின்னஞ்சலிலும்தான் செய்ய வேண்டும். சென்ற ஆண்டு ஓர் அரிசி ஆலைக்காரர் என்னிடம் மாற வந்தார். அவருக்கு இலவசமாகக் கிடைத்த டொமைன் பழைய விற்பனையாளரின் பெயரில் இருந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு விடுவிக்க அந்த விற்பனையாளர் மூன்று மாதம் இழுத்தடித்ததில், விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த மின்னஞ்சல் முகவரியே மனிதருக்குக் கைவிட்டுப் போகும் நிலை வந்துவிட்டது. பிடித்துவைப்பதற்காகக் கொடுக்கும் இலவசத்தை வாங்கியவர் மறக்கவே மாட்டார்.

எஸ்எஸ்எல் விஷயத்தில் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. எஸ்எஸ்எல் சான்றிதழ்களை வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட நாளிலிருந்து அது யாருக்கும் இலவசம்தான். சாப்பாட்டுக் கடையில் ‘தண்ணீர் இலவசம்’ என்று பலகை வைப்பதைப் போல இருக்கும்.

கட்டணத் தள்ளுபடிக்கு மறுபடியும் போவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஹோஸ்டிங்காரர்கள் பில் போடப் பயன்படுத்தும் டபிள்யூஎச்எம்சிஎஸ் மென்பொருளில் கூப்பன் உருவாக்கும்போது, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் தள்ளுபடி தொடர வேண்டுமா என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. நான் அதில் தெரியாமல் டிக் செய்துவிட்டேன். பாதி விலைக்குச் சேர்ந்தவர்கள் மூன்று ஆண்டுகள் பாதி விலையே கட்டிவந்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

வரவுசெலவு எழுதியது:

குலுக்கலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் ஒன்று 1979 முதல் நடைமுறையில் இருக்கிறது. விற்பனையைப் பெருக்குவதற்காக, பொருள் வாங்கியவர்களிலிருந்து குலுக்கலிலோ வேறு வழியிலோ சிலரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதைத்தான் அது தடுக்கிறது. கூகுள் பே செயலியின் சுரண்டல் அட்டைப் பரிசுகள் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இல்லை என்று விதிமுறைகளில் போட்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். சட்டத்தின் வாசகம் பொருள்களைப் பற்றியதாயிற்றே, ஹோஸ்டிங் சேவைதானே என்று வாதாட இடம் இருக்கலாம்; ஆனால் ஒரு கைப்பேசிக்காக அந்த வாதத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

டி-ஷர்ட்டிலும் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. பரிசாகக் கொடுத்துவிடும் பொருள்களுக்கு நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக (நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க முடியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதை வெளிப்படையாகவே விலக்குகிறது. டொமைனை ஹோஸ்டிங்கோடு சேர்த்து ஒரே விலைக்கு ஒரே பில்லில் விற்பது வேறு, தனியாக ஒரு பொருளைப் பரிசாக நீட்டுவது வேறு. எனவே சேர்த்து விற்பதாக இருந்தால் பில்லிலும் அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக, விளம்பர வாசகம். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அந்த இலவசத்தைப் பெற நுகர்வோர் எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும் என்பதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து டொமைனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் அது எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே, படிக்கக்கூடிய எழுத்தில் போட்டுவிட்டால் உங்களுக்குத் தலைவலி இருக்காது.

வைகைத் தளங்கள் எழுதியது:

நான் விற்பவள் அல்ல, வாங்குபவள். மதுரையில் வலைத்தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். முப்பதுக்கு மேற்பட்ட தளங்களுக்கான ஹோஸ்டிங்கை எங்கே வாங்குவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். பழைய சர்வர் ஐயா டொமைனைப் பற்றிச் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். முதல் தளம் போடும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்பதுதான். டொமைனுக்குத் தனி, ஹோஸ்டிங்குக்குத் தனி, வரிக்குத் தனி என்று சொல்லத் தொடங்கினால் அவர் முகம் மாறிவிடும். எனவே இலவசம் என்று சொல்ல வேண்டாம், ‘டொமைன் உட்பட’ என்று சொல்லி 2,500 ரூபாய் என்று ஒரே தொகையாக வையுங்கள். புதியவர்களிடம் அது நிச்சயமாக எடுபடும்.

ஆனால் என்னைப் போன்றவர்களை இழுப்பது அதுவல்ல. இப்போது நான் வாங்கும் இடத்துக்கு மாறியதன் காரணத்தைச் சொல்கிறேன். ஒரு நகைக்கடையின் தளமும் 37 மின்னஞ்சல் பெட்டிகளும் பழைய சர்வரில் தடுமாறிக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டும் என்று ஓராண்டாக நினைத்தும், ஒரு கடிதம் தொலைந்தாலும் முதலாளி என்னைத்தான் கேட்பார் என்ற பயத்தில் தள்ளிப்போட்டுவந்தேன். புதிய ஹோஸ்டிங்காரர் அந்த வேலையைத் தானே கட்டணமில்லாமல் செய்து தருவதாகச் சொன்னார். முந்தைய நாளே, சர்வர் முகவரி மாற்றம் விரைவாகப் பரவுவதற்காக, என்னை டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவில்) டிடிஎல் என்ற காத்திருப்பு அளவை 14,400 வினாடியிலிருந்து 300 ஆகக் குறைக்கச் சொன்னார். ஞாயிறு இரவு கடை அடைத்த பிறகு கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பெட்டிகளையும் நகலெடுத்து, முகவரியை மாற்றி, விடியற்காலையில் பழைய சர்வரில் இடைப்பட்ட நேரத்தில் வந்து விழுந்திருந்த கடிதங்களை மறுபடியும் ஒருமுறை இழுத்துக்கொண்டார். காலையில் எனக்கு வந்த குறிப்பில் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை கடிதங்கள் இருந்தன, எத்தனை வந்து சேர்ந்தன என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசியில், ‘தொடர்புப் படிவம் பல மாதங்களாகக் கடிதம் அனுப்பாமல் இருந்திருக்கிறது, சரிசெய்துவிட்டேன்’ என்றும் ஒரு வரி இருந்தது. அதற்கடுத்த ஆறு மாதங்களில் என்னிடம் இருந்த மற்ற தளங்களையும் அவரிடமே கொண்டுபோய்விட்டேன்.

காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலைக்காக யாரும் அந்தக் கடையைத் தேடிப் போவதில்லை. ஆனால் ஒரு நாள் கடைக்காரர் அதைக் கொடுக்க மறுத்துவிட்டால், அடுத்த வாரம் பக்கத்துக் கடையில் நிற்போம். உங்களை விட்டுப்போன 53 பேருக்கு அந்த ஓராண்டில் நீங்கள் கேட்காமலே செய்தது ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்; குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

இலவசச் சோதனைக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பணம் வாங்காமல் கணக்குத் திறந்துவிட்டால் முதலில் வருபவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, போலி வங்கிப் பக்கம் வைப்பவர்களும் குப்பை மின்னஞ்சல் அனுப்புபவர்களும்தான். டாட் டிகே போன்ற டொமைன்களை இலவசமாக அள்ளிக்கொடுத்த ஃப்ரீநோம் நிறுவனம் மோசடிக்காரர்களின் கூடாரமாகவே பெயரெடுத்து, மெட்டா தொடுத்த வழக்கில் சிக்கி, 2023இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. என் சர்வரில் அப்படி ஒரே ஒரு சோதனைக் கணக்கு இரவோடிரவாகக் குப்பைக் கடிதங்களை அனுப்பியதில் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறி, பணம் கட்டிய வாடிக்கையாளர்களின் கடிதங்கள் நான்கு நாள்கள் திரும்பி வந்தன. போதாதற்கு, சிபேனல் 2019 முதல் கணக்குகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் உரிமக் கட்டணம் வாங்குகிறது; தூங்கிக்கொண்டிருக்கும் இலவசக் கணக்கும் அந்த எண்ணிக்கையில் சேரும். அதற்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டு, முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் ஹோஸ்டிங் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். டொமைன் தொகை திரும்பாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குலுக்கலையும் சோதனைக் கணக்கையும் கைவிட்டுவிட்டேன். 53 பேரைப் பற்றிய கேள்வி சுருக்கென்று தைத்தது; பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன், அவர்களில் 40 பேருக்கு மேல் பில்லைத் தவிர ஒரு கடிதம்கூட நான் அனுப்பியிருக்கவில்லை. டாட் இன் டொமைன் உட்பட இரண்டு ஆண்டுக்கு ஒரே தொகை என்று ஒரு திட்டமும், வேறிடத்திலிருந்து மாறி வருபவர்களுக்குக் கட்டணமில்லா இடமாற்றமும் வைக்கப்போகிறேன். டி-ஷர்ட்டை விளம்பரத்தில் போடாமல், மூன்றாம் முறை புதுப்பித்தவர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்; வரி வரவு போனால் போகட்டும். ஒரே ஒரு சந்தேகம்: தனி ஆளாக வாரத்துக்கு எத்தனை இடமாற்றங்களை ஒப்புக்கொள்ளலாம்?

வைகைத் தளங்கள் எழுதியது:

தொடக்கத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலை முழுவதையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சல் வரவில்லை என்ற அழைப்பு கட்டாயம் வரும்; பத்தில் எட்டு முறை அவர்களுடைய கைப்பேசியில் பழைய சர்வரின் பெயர்தான் இன்னும் இருக்கும்.