அரைவிறைப்பு பாலிமர் சங்கிலி: நிலைப்பு நீளம் கணக்கைவிட இரு மடங்காக வருகிறது, உதவி தேவை

வியாசர்பாடி மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் திட்டப்பணிக்காக, 100 மணிகளைக் கோத்தது போன்ற ஒரு பாலிமர் சங்கிலி வெப்பத்தால் நெளிந்து அசைவதை மடிக்கணினியில் சிமுலேஷன் செய்துகொண்டிருக்கிறேன். பிணைப்பின் நீளம் 1. வளைவு விறைப்பு, வெப்ப ஆற்றலைப் போல 10 மடங்கு. மணிகள் ஒன்றையொன்று விலக்கும் விசையை இன்னும் சேர்க்கவில்லை. பாடநூல் வாய்பாட்டின்படி நிலைப்பு நீளம், அதாவது சங்கிலி தான் புறப்பட்ட திசையை மறப்பதற்கு ஆகும் தொலைவு, ஏறத்தாழ 9.5 வர வேண்டும். எனக்கு 19 வருகிறது. முனைக்கு முனை தொலைவின் வர்க்கச் சராசரி மூலம் 41 வர வேண்டிய இடத்தில் 86 வருகிறது. எங்கோ ஒரு 2 விடுபட்டிருக்கும் என்று நிரலை மூன்று முறை வரிவரியாகப் படித்தும் பிழை அகப்படவில்லை.

காசிமேட்டுக்காரன்:
தம்பி, நிரலில் கை வைப்பதற்கு முன் மூன்று விவரங்களைச் சொல்லுங்கள். சங்கிலி தளத்தில் அசைகிறதா, முப்பரிமாண வெளியிலா? எந்த வடிவத்தில் தொடங்கினீர்கள்? எவ்வளவு காலம் ஓட்டினீர்கள்?

வியாசர்பாடி மாணவன்:
தளத்தில்தான், அண்ணா. மைக்கா தகட்டின்மேல் படிந்த டி.என்.ஏ. படங்களோடு பின்னர் ஒப்பிட வேண்டும் என்பதால் இருபரிமாணத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேர்க்கோடாக வைத்துத் தொடங்கி 2,000 கால அலகுகள் ஓட்டினேன். உராய்வுக் கெழுவும் (மணி நகரும்போது எதிர்க்கும் உராய்வின் அளவு) வெப்ப ஆற்றலும் 1. முதல் படியிலிருந்தே சராசரி எடுத்தேன்.

ராயபுரம் ஆசிரியை:
அப்படியானால் உங்கள் 19 பிழையன்று. நீங்கள் ஒப்பிட்ட 9.5தான் இடம் மாறி வந்திருக்கிறது. நம் பக்கத்தில் கேரம் ஆடாத தெரு அரிது என்பதால் அந்தப் பலகையையே எடுத்துக்கொள்வோம். பலகையில் கிடக்கும் மணிமாலை இடமும் வலமுமாக மட்டுமே வளைய முடியும். அதையே கையில் தூக்கிப் பிடித்தால் மேலும் கீழுமாகவும் வளையும். ஒவ்வொரு வளைவுத் திசைக்கும் கோணத்தின் வர்க்கச் சராசரி, வெப்ப ஆற்றலை விறைப்பால் வகுத்தது, அதாவது உங்கள் எண்களில் 0.1. முப்பரிமாணத்தில் இரண்டு திசைகள் சேர்ந்து 0.2 ஆகும்போது கோசைனின் சராசரி 0.90, தளத்தில் ஒரே திசை என்பதால் அது 0.95. ஒரு பிணைப்புக்கு 0.95 மடங்காகத் தேயும் திசைநினைவு, 0.90 மடங்காகத் தேய்வதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு தாங்கும். இப்படி மெல்ல வளையும் சங்கிலிக்காகக் கிராட்கியும் போரோடும் 1949இல் முன்வைத்த புழுவடிவச் சங்கிலிக் கோட்பாட்டைப் பாடநூல்கள் பெரும்பாலும் முப்பரிமாணத்துக்கே எழுதிவைத்திருக்கின்றன. பலர் இடறும் இடம் இதுதான்.

காசிமேட்டுக்காரன்:
ஆசிரியை சொன்னது 19க்குப் பொருந்தும், 86க்குப் பொருந்தாது. தளத்துக்கான வாய்பாட்டில் இட்டுப் பார்த்தால் முனைத்தொலைவு 55 வர வேண்டும். மீதிக் குறை ஓட்டிய காலத்தில் இருக்கிறது. அண்டைப் பிணைப்புகளுக்கு இடையிலான கோணம் மிக விரைவில் சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே நிலைப்பு நீளம் சரியாகக் கிடைத்தது. முழுச் சங்கிலியும் தன் தொடக்க வடிவத்தை மறப்பது வேறு கதை. சங்கிலியை வில்சுருள்களால் இணைந்த மணிகளாகக் கொண்டு 1953இல் ரௌஸ் தந்த மாதிரியால் தோராயமாகக் கணக்கிட்டால், உங்கள் சங்கிலியின் மிக நீண்ட தளர்வுக் காலம், அதாவது முழு வடிவத்தையும் மறக்க ஆகும் காலம், 15,000 அலகுகள் அளவில் வரும். நீங்கள் ஓட்டியது 2,000. இன்னும் பாதி நிமிர்ந்தே கிடக்கும் சங்கிலியை அளந்திருக்கிறீர்கள்.

இதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. விலக்கு விசை இல்லாததால் கோணங்கள் ஒன்றையொன்று சாராதவை. ஒவ்வொரு கோணத்தையும் போல்ட்ஸ்மன் பரவலிலிருந்து (சமநிலையில் எந்தக் கோணம் எவ்வளவு நிகழக்கூடும் என்பதைத் தருவது) நேரடியாக எடுத்து அடுக்கினால், சமநிலையில் உள்ள ஆயிரக்கணக்கான சங்கிலிகள் நொடிகளில் கிடைக்கும். அவற்றிலிருந்து அசைவைத் தொடங்குங்கள். கூடவே நிறை மையத்தின் பரவல் கெழு, அதாவது முழுச் சங்கிலியும் அலைந்து நகரும் வேகத்தின் அளவு, 0.01 வருகிறதா என்றும் பாருங்கள். ரௌஸ் மாதிரியில் அது வெப்ப ஆற்றலையும் மணிகளின் எண்ணிக்கையையும் உராய்வையும் மட்டுமே சார்ந்தது. விறைப்பை எவ்வளவு மாற்றினாலும் அது மாறக் கூடாது; மாறினால் நிரலில் உண்மையாகவே பிழை இருக்கிறது. (கரைசலில் உள்ள சங்கிலிக்கு இதை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே திரவத்தின் ஓட்டம் மணிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும்; 1956இல் ஜிம் என்பவர் ரௌஸ் மாதிரியில் சேர்த்தது அதைத்தான்.)

ராயபுரம் ஆசிரியை:
டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் நிலைப்பு நீளம் ஏறக்குறைய 50 நானோமீட்டர் என்று சொல்லப்படுவது முப்பரிமாண மதிப்பு. மூலக்கூறு மைக்காவின்மேல் படிந்த பிறகும் நகர்ந்து தளத்திலேயே சமநிலை அடைந்திருந்தால்தான் உங்கள் இருபரிமாணக் கணக்கு செல்லும். தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் படத்தில் தெரிவது முப்பரிமாண வடிவத்தின் நிழல் மட்டுமே. நீண்ட சங்கிலியில் முனைத்தொலைவின் வர்க்கச் சராசரி இந்த இரு நிலைகளுக்கு இடையே மூன்று மடங்கு வேறுபடும்; எனவே எந்த நிலை என்பதைப் படங்களே காட்டிக்கொடுக்கும்.

வியாசர்பாடி மாணவன்:
ஆசிரியை அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. கோணங்களை நேரடியாக எடுத்து அடுக்கியதில் முனைத்தொலைவு 55 வந்தது. அங்கிருந்து தொடங்கி இரண்டு இரவுகள் ஓட்டிய பிறகும் அது அதே மதிப்பைச் சுற்றியே நிற்கிறது. நிறை மையத்தின் பரவல் கெழு முதலில் 0.0067 என்று வந்து திகைக்க வைத்தது. பார்த்தால், வர்க்க இடப்பெயர்ச்சியை அங்கேயும் தளத்துக்குரிய 4க்குப் பதிலாக முப்பரிமாணத்துக்குரிய 6ஆல் வகுத்திருந்தேன், திருத்தியதும் 0.01 வந்துவிட்டது.